ஏழு பாட்டில் பச்சைப் பயறு

காலை 9.10. பதிவறை அலமாரியில் பச்சைப் பயறுப் பதிவேட்டைக் காணவில்லை. ஓர் ஊரின் ஒரே வயலில் அளந்த முப்பது வருட விளைச்சல் அதில் இருந்தது. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட அன்றுதான் உட்காரலாம் என்று வந்திருந்தாள் புள்ளிவிவர அதிகாரி.

பூட்டு உடையவில்லை. சாவி மூன்று: மேலாளர், காவலாளி, வயலுக்குப் போய் விளைச்சல் அளக்கும் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். மகள் இறந்துபோனதிலிருந்து அண்ணன் அலுவலகத்தில் யாரோடும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. எண்களைத் தந்துவிட்டுப் போய்விடுவார்.

9.40. "இவன்தான். எடைக்குப் போட்டிருப்பான்," என்று காவலாளியைக் காட்டினார் மேலாளர். "பதினோரு மணிக்குப் போலீஸ் வருது."

"சத்தியமா இல்ல சார். இந்த வேலையை விட்டா எனக்கு நாதியில்ல."

எடைக்குப் போடுகிறவன் பக்கத்தில் இருந்த தடித்த உளுந்துப் பதிவேட்டை விட்டுவைப்பானா? அவளுக்கு உறுத்தியது.

10.05. கீழ்த்தட்டில் ஆண்டுக்கொரு பாட்டில், மாதிரிப் பயறு. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பழையவை படிப்படியாகப் பழுப்பேறி இருந்தன. கடைசி ஏழும் ஒரே நிறம். போன அறுவடைப் பயறுகூடப் பச்சை மங்கிக் கிடந்தது.

அந்த ஏழையும் நிரப்பிக் கொடுத்தவர் அண்ணன்.

10.30. அண்ணன் வந்தார். கதவைச் சாத்தினாள்.

"பதிவேடு எங்கண்ணா?"

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏழு வருஷமா நீ அந்த வயலுக்கே போகல, இல்ல?"

"எப்படிம்மா போவேன்? கடைசியா அளக்கப் போனப்ப பாப்பாவும் கூட வந்தா. கை வலிக்க வலிக்கப் பயறு பறிச்சுக் குடுத்தா. கை கழுவிட்டு வரேன்னு கிணத்தடிக்குப் போனவதான்."

"பாட்டில்ல இருக்கிறது?"

"அவ பறிச்சதும்மா. அந்த வருஷத்துலேர்ந்து அதையேதான் வருஷா வருஷம் போட்டேன். விளைச்சல் எண்ணையும் முந்தின வருஷத்தை ஒட்டி ஒட்டி எழுதிட்டேன். நீ கணக்குப் போட்டா தெரிஞ்சிடுமேன்னு நேத்து எடுத்துட்டுப் போனேன்."

10.55. அவள் மேலாளர் முன் நின்றாள். பதிவேட்டை அவர் மேசையில் வைத்தாள்.

"காவலாளி எடுக்கல சார். எங்கண்ணன்தான். பயறு வருஷமாக வருஷமாக நிறம் மங்கும். இந்த ஏழும் ஒரே அறுவடை. மத்த ஊர்ல விளைச்சல் ஏறி இறங்கினப்ப இந்த ஊர்ல மட்டும் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. மழைய நம்பின பயிர் அப்படி விளையாது. நிலையான விளைச்சல்னு நான்தான் அறிக்கை எழுதினேன். அதனால இடையில வந்த ரெண்டு பஞ்சத்துலயும் அந்த ஊருக்கு நிவாரணமா விதைகூடக் கிடைக்கல."

காவலாளி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏழு பாட்டிலுக்கும் அரக்கு முத்திரை வைத்தார்கள்.

வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. அண்ணன் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

"பயறு நிறத்தப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டே. ஏழு வருஷத்துல ஒரு நாளாவது, அந்த வயலுக்குள்ள எப்படிண்ணா உன்னால கால் வைக்க முடியுதுன்னு நீ கேட்டிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பேம்மா."

அவள் கேட்டதே இல்லை.