மூடாத கை

தாளப் பெட்டிக்குக் கண் கிடையாது என்று பாக்கியநாதன் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லியிருந்தான்.

"இது டிரம்மர் இல்லக்கா. நீங்க கையைக் காட்டினா இதுக்குத் தெரியாது. நான் காலால மிதிச்சா ஓடும், மறுபடி மிதிச்சா நிக்கும். ஒரே வேகம்தான். நீங்கதான் அதுகூடப் போகணும்."

ஆனால் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக் கல்யாண ரிசப்ஷனில், இரண்டாவது சரணத்தில் மூச்சு போதாமல் ரோசரி பழக்க தோஷத்தில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உள்ளங்கையை மெல்லத் தாழ்த்தினாள். தாளம் மெதுவானது. அவள் மூச்சு வாங்கிக்கொள்ள எவ்வளவு வேண்டுமோ சரியாக அவ்வளவு மெதுவானது. பிறகு அவள் சுருதி பிடித்துக்கொண்டதும், ஒன்றும் நடக்காதது மாதிரி பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

பாட்டு முடிந்து திரைக்குப் பின்னால் வந்ததும் பாக்கியநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். குழுவுக்குத் தலைவனும் அவன்தான், கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான். சிங்கப்பூரிலிருந்து ஆள் மூலம் அந்த ரிதம் பாக்ஸை வரவழைத்தவனும் அவன்தான். "லோ வோல்டேஜ்க்கா. ஸ்ரீரங்கம் கரண்டு தெரிஞ்சதுதானே. விசிறியும் சுத்தல, மிஷினும் சுத்தல" என்றான்.

ரோசரி தலையாட்டினாள். பந்தல் விசிறிகள் எல்லாம் பேய் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்ததை அவள் மேடையிலிருந்தே பார்த்திருந்தாள்.

அந்தக் கை ஜாடை ரோசரிக்கும் அவள் கணவர் தைரியராஜுக்கும் மட்டுமே ஆன பாஷை. பாடுகிறவள் ஜனங்களைப் பார்த்து நிற்க வேண்டும், டிரம்ஸ் மேடையின் பின்பக்கம் இருக்கும். திரும்பித் திரும்பிப் பார்த்தால் பாட்டு கெடும். அதனால் அவள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பேசுவாள். உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெதுவாக. ஒரு விரல் நிமிர்ந்தால் பல்லவி மறுபடியும். கையை மூடினால் முடிவு. மூடின கையைப் பார்க்காமல் அவர் நிறுத்தவே மாட்டார். லால்குடித் திருவிழாவில் ஒரு தடவை அவளுக்குப் புரையேறித் தண்ணீர் குடிக்க இறங்கிப் போய்விட்டாள். மனிதர் தன்னந்தனியாக வாசித்துக்கொண்டே இருந்தார். ஜனங்கள் அதையும் ஒரு ஐட்டம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். "சகாய மாதாவே இறங்கி வந்து சொன்னாலும் நிறுத்த மாட்டார், ரோசரி அக்கா கையை மூடணும்" என்று குழுவில் கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே மணிக்கட்டில் நீலகிரித் தைலம் தடவிக்கொள்வார். கச்சேரிக்கு முன்னால் தைலம் தடவாமல் அவர் குச்சியைத் தொட்டதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ மேடை. ஒன்றில்கூட அவர் வாசிப்பதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. முதுகால்தான் அவரை அறிந்திருந்தாள்.

அவர் போனதும் மேடையில்தான். எண்பத்தாறாம் வருஷம், கோடைத் திருவிழா. ஒரே பாட்டுக்கு மூன்று தடவை 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். மூன்று தடவையும் அவள் பின்னால் விரலை நிமிர்த்தினாள். மூன்றாவது தடவை தாளம் கொஞ்சம் இழுத்தது, சுமையோடு படியேறுகிறவரின் காலடி மாதிரி. களைப்பு, வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று பாடிக்கொண்டே நினைத்தாள். பிறகு டிரம்ஸின் பெரிய பித்தளைத் தட்டு சாய்ந்து உருளும் சத்தம். அவள் திரும்பியபோது அவர் டிரம்மின் மேல் கவிழ்ந்து கிடந்தார். பாட்டு பாதியில் நின்றது. கையை மூட அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

அதனால்தான் ஸ்ரீரங்கத்தில் தாளம் மெதுவானது அவளைத் தூங்கவிடவில்லை. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் பாக்கியநாதன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்ச நாள் குடுங்க. வீட்ல வச்சுப் பழகிக்கிறேன்."

"நல்லதுதான்க்கா. பழகிட்டா உங்களுக்கும் பயம் போயிரும்" என்றான் அவன்.

பாலக்கரை வீட்டில் அவள் ஒருத்திதான். பிள்ளை இல்லை. கூடத்து மூலையில் டிரம்ஸ் வெள்ளைப் போர்வைக்கு அடியில் கிடந்தது. அதன் முன்னால் ஸ்டூல் போட்டுப் பெட்டியை வைத்தாள். அப்பளக் கட்டு அகலம், கறுப்பு. அதிலிருந்து இறங்கிய ஒயர் தரையில் ஒரு இரும்புப் பெடலில் போய் முடிந்தது. நல்ல மத்தியானம். தெருவில் ஈயம் பூசுகிறவன் கூவிக்கொண்டு போனான். அவள் பெடலை மிதித்துவிட்டுத் திரும்பி, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்து நின்றுகொண்டு பாட ஆரம்பித்தாள். இடது கையைப் பின்னால் கொண்டுபோய் உள்ளங்கையைத் தாழ்த்தினாள்.

மெதுவானது.

ஒரு விரலை நிமிர்த்தினாள். பல்லவிக்குத் திரும்புவதற்கு முன் டிரம்மின் விளிம்பில் குச்சியால் ஒரு சின்னத் தட்டு. 'டக்.' அது எந்தப் பெட்டியிலும் கிடையாது. அது அவருடையது. நான் இருக்கேன், நீ போ என்று சொல்கிற தட்டு. ரோசரிக்குக் கண்ணீர் கழுத்து வரைக்கும் இறங்கியது. அவர் செத்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் சந்தோஷமாக அழுதாள்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் பாட்டுதான். உலை கொதித்தாலும் சரி, கதவைத் தட்டினாலும் சரி. விரலை நிமிர்த்துவாள், அவர் வருவார். இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை. தொண்டை கட்டியதும் அப்படியே பின்னால் நகர்ந்து, குதிகாலால் பெடலைத் தேடி மிதித்து நிறுத்துவாள். மூடின கையை மட்டும் காட்டவே மாட்டாள். திரும்பியும் பார்க்க மாட்டாள். பேய் இருக்குமோ என்கிற பயமில்லை. திரும்பினால் அங்கே வெறும் பெட்டிதான் இருக்கும், அந்தப் பயம்.

ஒரு நாள் குதிகால் பட்டபோது பெடல் ஏற்கெனவே அமுங்கியிருந்தது. சூடாகவும் இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றிப்போட்ட செருப்பு மாதிரி. அவள் காலை எடுத்துக்கொண்டாள். தாளம் தானாக நிற்கும்வரை மாதாவைப் பார்த்தபடி நின்றாள். அன்றைக்கு வெகு நேரம் ஆயிற்று.

பக்கத்து வீட்டு சாரா பீவி மறுநாள் முறுக்குத் தட்டோடு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

"அக்கா, கேக்குறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து வேற யாரையாச்சும் வாசிக்க வச்சீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அண்ணன் வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு. நீங்க சாயங்காலம் பூட்டிட்டுக் கோயிலுக்குப் போனீங்கள்ல, அப்பவும் கேட்டுச்சு. ரொம்ப முடியாம வாசிக்கிற மாதிரி. எனக்கே பாவமா இருந்துச்சுக்கா."

ரோசரி தட்டை வாங்கி வைத்தாள். அன்று சாயங்காலம் வழக்கம்போல் வீட்டைப் பூட்டினாள். தெருமுனை வரைக்கும் போனாள். திரும்பி வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவில் காதை வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. சாரா பீவி வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை. அப்புறம் மரக் கதவின் வழியாக, காதுக்கு அல்ல, கன்னத்து எலும்புக்குத்தான் அது முதலில் வந்தது. ஒரு அடி. இடைவெளி. ஒரு அடி. சுமையோடு படியேறுகிற காலடி. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். மூன்றாவது ஒன்ஸ் மோர்.

கதவைத் திறந்தாள். தாளம் நிற்கவில்லை. தைல வாசனை கூடம் முழுவதும். பெட்டியின் பிளக்கை அவள் போகும்போது பிடுங்கி ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தாள். அது அங்கேயேதான் தொங்கியது. ஸ்டூலுக்குக் கீழே பெடல் மட்டும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் திரும்பி வரவில்லை. அவர் போகவே இல்லை. அந்த ராத்திரியிலேயே நிற்கிறார், வலியோடு, அவள் கை மூடுவதைப் பார்த்துக்கொண்டு. அவளோ தினமும் விரலை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றாள். "உங்களை நான் படுத்துறேன்ல?"

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கையைப் பின்னால் கொண்டுபோனாள். மூன்று விரல் மடங்கின. நான்காவது மடங்கவில்லை. மூடிவிட்டால் அவ்வளவுதானே. இந்தச் சுவருக்குள் அதற்கப்புறம் என்ன சத்தம் இருக்கும்? முடியவில்லை. உள்ளங்கையைத் தாழ்த்தினாள், இன்னும் தாழ்த்தினாள். தாளம் தேய்ந்து தேய்ந்து, மூச்சு மாதிரி ஆயிற்று. அதற்குமேல் தேயவில்லை. விடியும்வரை அது அந்தக் கூடத்தில் இருந்தது.

காலையில் அவள் முடிவு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எடமலைப்பட்டி புதூரில் மாதா திருவிழாக் கச்சேரி. மேடைக்காரரை மேடையிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதே பாட்டைப் பாடி, அன்றைக்கு விட்ட இடத்தைத் தாண்டி, முழுசாக முடித்து, கையை மூடிவிடுவாள்.

"அந்தப் பாட்டா? வேணாம்க்கா," என்றான் பாக்கியநாதன்.

"பாடியே ஆகணும் தம்பி. ஒரு தடவைதான். ஒன்ஸ் மோர் கேட்டா நான் பாட மாட்டேன்."

ஞாயிறு சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே மேடை விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். தேருக்கு வைத்திருந்த மல்லிகையும் பட்டாசு மருந்தும் கலந்து மணத்தன. கடைசிப் பாட்டாக அதைத்தான் வைத்திருந்தாள். பின்னால் பாக்கியநாதனின் கால் பெடலில் விழும் 'டக்' கேட்டது. தாளம் புறப்பட்டது. இழுவை இல்லை. சுத்தமாக, பொடிப்பொடியாக. தைல வாசனை பின்கழுத்தில் வந்து நின்றது. அவள் பாடினாள். அன்றைக்கு அறுந்த இடம் வந்தது. கடந்தாள். அதற்கப்பாலும் அவர் கூடவே வந்தார். இப்படி ஒரு தாளத்தின் மேல் அவள் பல வருஷமாகப் பாடியதில்லை.

கடைசி வரி. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். "ஒன்ஸ் மோர்." அவள் தலையை ஆட்டி மறுத்தாள். இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

போயிட்டு வாங்க, என்று மனசுக்குள் சொன்னாள்.

சுண்டு விரல் மடங்கியது. மோதிர விரல். நடு விரல். ஆள்காட்டி. கட்டை விரல் மேலே வந்து மூடியது.

தாளம் நிற்கவில்லை.

கை தெரியவில்லையோ என்று இன்னும் இறுக்கி மூடினாள். பின்னால் 'டக்', மறுபடி 'டக்'. பாக்கியநாதன் மிதித்து மிதித்துப் பார்த்தான்.

"அக்கா." குரல் கம்மியிருந்தது. "மிதிச்சாலும் நிக்க மாட்டேங்குதுக்கா."

அப்போது அவள் மூடின கைக்குள் ஏதோ நுழைந்தது.

குளிர்ச்சி. ஒரு விரல். அதன் அடியில் குச்சி பிடித்துக் காய்ப்பேறிய தடிப்பு. எத்தனை இரவு அந்தத் தடிப்பைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறாள். அது முரட்டுத்தனம் செய்யவில்லை. அவர் அவளிடம் ஒரு நாளும் முரடாக நடந்ததில்லை. கட்டை விரலை நகர்த்தியது. ஆள்காட்டியை விடுவித்தது. பின்னாலேயே முழுக் கையும் வந்து, மற்ற மூன்றையும் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

ஆள்காட்டி விரலை நிமிர்த்தியது.

ஒன்று.

விளிம்பில் அந்தத் தட்டு. நான் இருக்கேன், நீ போ.

பல்லவி அவள் வாயிலிருந்து தானே வந்தது. ஜனங்கள் ஆரவாரித்தார்கள். இடது தோளில் ஒரு வலி. களைப்பு என்று நினைத்தாள். பாடி முடித்தாள். கையை மூடப் பார்த்தாள். அந்தக் குளிர்ந்த கை மறுபடி அவள் விரலை நிமிர்த்தியது.

"ஒயரைப் புடுங்கிட்டேன்க்கா," பாக்கியநாதன் அழுதான். "அக்கா, உங்க கையில... அக்கா."

திரும்பவில்லை. இப்போது அவளுக்குத் தெரியும், பின்னால் இருப்பது வெறும் பெட்டி இல்லை. இத்தனை நாள் அவள் கேட்டதைத்தான் அவர் தருகிறார். இன்னும் ஒரு தடவை.

வலி முழங்கைக்கு இறங்கியது. மூச்சு போதவில்லை. உள்ளங்கையைத் தாழ்த்த முடியவில்லை. அவர் பிடித்திருந்தார். தாளம் மெதுவாகவில்லை. இளமையாக இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் வாசித்தது.

அவள் குரல்தான் இழுத்தது. படியேறுகிறவளின் காலடி.

பல்லவி முடிந்தது.

பந்தலில் எல்லோரும் கை தட்டினார்கள். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைப் புடவையோடு நின்ற ரோசரியின் முதுகுக்குப் பின்னால், அந்த ஒற்றை விரல் மூன்றாவது முறையாக மெல்ல நிமிர்ந்தது.