பிரஸ்ஸுக்குள் மொட்டையன்

விடுமுறை நாள். தொழிற்சாலை வாசலில் காவலாளியைத் தவிர ஈ காக்கை இல்லை. குடையை மடக்கி உதறிவிட்டு அவள் இரும்புப் படிகளில் ஏறினாள். கீழே மெஷின் கூடம், மேலே டிசைன் அறை. கூடத்தில் ஊறிப்போன எண்ணெய் வாசனை மாடியிலும் குடியிருந்தது. மழை இருட்டியிருந்ததால் பகலிலேயே விளக்கைப் போட வேண்டியிருந்தது.

மெஷின்கள் செய்து விற்கிற அந்தத் தொழிற்சாலையில்தான் அவளும் கணவனும் வேலை பார்த்தார்கள். அவன் தலைமை டிசைனர், அவள் அவனுக்குக் கீழே டிசைனர். சேர்ந்தே சாப்பிட்டு, சேர்ந்தே சண்டை போட்டு, சேர்ந்தே வீடு திரும்புகிற ஜோடி. வீட்டுச் சாவி மாதிரி, ஒருவருடைய கம்ப்யூட்டர் பாஸ்வேர்டும் மற்றவருக்குத் தெரியும். மறுநாள் விசாரணை அதிகாரிகள் வருகிறார்கள், பழைய அட்டைகளை அழுத்திக் கட்டுகிற பிரஸ்ஸின் மாடலை அவர்களுக்குத் திரையில் சுற்றிக் காட்ட வேண்டும், தயார் செய்து வை என்று அவன்தான் சொல்லியிருந்தான். தனக்கு வெளியே ஒரு வேலை இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பியும் விட்டான்.

அந்த பிரஸ்ஸுக்குள்தான் மெதுவண்ணன் செத்துப்போனார்.

ஃபிட்டர் அவர். கிரேனில் தொங்கும் பாகத்தை இடத்தில் இறக்கும்போது, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் "மெதுவா... மெதுவா..." என்று கைகாட்டுவார். அதனால் வந்த பேர். சோதனை ஓட்டத்தில் சிக்கிய அட்டையை எடுக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தவர் மேல் அழுத்தும் தட்டு இறங்கிவிட்டது. மெஷினை நிறுத்தாமல் அவசரப்பட்டு உள்ளே போய்விட்டார் என்றார்கள். எதற்குமே அவசரப்படாத மனுஷனைப் பற்றி அப்படிச் சொன்னது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் சொன்னவன் கணவன். நம்பிவிட்டாள்.

திரையில் மெஷினை ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தாள். மவுஸால் பிடித்து இழுத்து, திருப்பி, அதனதன் இடத்தில் உட்காரவைக்க வேண்டும். உட்கார்ந்ததும் 'ஃபிக்ஸ்' கொடுத்துவிட்டால் ஆணியடித்த மாதிரி. அப்புறம் இழுத்தாலும் அசையாது. உடம்பு, தட்டு, கதவு, எண்ணெய்க் குழாய், கதவோர சுவிட்ச். கதவுக்கு மட்டும் ஃபிக்ஸ் கொடுக்கவில்லை, திறந்து காட்ட வேண்டும். கதவு சாத்தியிருந்தால் சுவிட்ச் அழுந்தியிருக்கும், மெஷின் ஓடும். கதவு திறந்ததும் சுவிட்ச் விடுபட்டு மெஷின் நின்றுவிட வேண்டும்.

கடைசியாக ஆள் பொம்மையைக் கொண்டுவந்தாள். முகமில்லாத சாம்பல் நிற உருவம். மெஷினருகே ஒருவர் நிற்க இடமிருக்கிறதா, கை எட்டுகிறதா என்று பார்ப்பதற்காக வைப்பது. அலுவலகத்தில் அதற்கு மொட்டையன் என்று பேர். கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

திரும்பியபோது மொட்டையன் பிரஸ்ஸுக்குள் இருந்தான்.

கை தவறி இழுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று வெளியே கொண்டுவந்து வைத்தாள். ஃபிக்ஸ் கொடுத்தாள். சோதனைக்கு இழுத்தும் பார்த்தாள், அசையவில்லை. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் நகர்ந்தான்.

கதவைத் தாண்டினான். குனிந்தான். தட்டுக்கு அடியில் போய் மண்டியிட்டான்.

அறையில் நனைந்த அட்டையின் வாடை எழுந்தது. மவுஸை மறுபடி தொட்டபோது அது வெதுவெதுவென்று இருந்தது, இன்னொரு கை இப்போதுதான் விட்டுப்போன மாதிரி.

"மெதுவா..."

காதோரம் கேட்டது. மழைச் சத்தம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்..."

மொட்டையனின் வலது கை மெல்ல நீண்டது. அந்தப் பொம்மையின் விரல்கள் ஒட்டுமொத்தமாக வார்த்தவை, தனியாக மடங்காது. இப்போது நான்கு விரல்கள் மடங்கி, ஒரே ஒரு விரல் கதவோர சுவிட்சைத் தொட்டு நின்றது.

அவள் திரையில் கதவைப் பிடித்து இழுத்தாள். கதவு பாதி திறந்தது. சுவிட்ச் விடுபடவில்லை. இன்னும் இழுத்தாள். ஓர் ஆள் தாராளமாக உள்ளே போகும் அளவுக்குத் திறந்த பிறகும் கதவின் ஓரம் சுவிட்சை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. எண்ணெய்க் குழாய்க்கு வழிவிட, சுவிட்ச் உட்காரும் இடத்தையே டிராயிங்கில் யாரோ உள்பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. மெதுவண்ணன் இதைச் சொல்ல அவளிடமே வந்திருந்தார். கதவைத் திறந்தாலும் மெஷின் நிற்கிற மாதிரி தெரியல, உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா என்றார். கணவனிடம் சொன்னாள். மறுநாளே சரிபண்ணியாச்சு என்றான் அவன். அவளும் படியிறங்கிப் போய், சரியாயிடுச்சு, தைரியமா வேலை பாருங்க என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவர் அவளுடைய வார்த்தையை நம்பித்தான் உள்ளே குனிந்திருக்கிறார்.

கீழே ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது.

படியிறங்கிப் போனாள். கூடத்தின் மூலையில் அந்த பிரஸ்ஸின் கதவு திறந்திருந்தது. இடுப்புவரை உள்ளே நுழைந்து யாரோ எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் அன்று காலை தேய்த்துக் கொடுத்த சட்டை.

"சரிபண்ணிட்டேன்னு சொன்னீங்களே," என்றாள்.

அவன் திடுக்கிடவில்லை. தலையை மட்டும் திருப்பினான். அப்போது நேரமில்லை, மெஷினை அனுப்பச் சொல்லி மேலிடத்தில் கழுத்தைப் பிடித்தார்கள், அப்புறம் மறந்தே போய்விட்டது, இப்போது மாற்றி வைத்துவிட்டால் நாளைக்கு ஒருத்தனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று, சந்தையில் காய் வாங்க மறந்தவன் மாதிரி சொன்னான்.

"நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேங்க. உங்களை நம்பி."

"அதனாலதான் சொல்றேன், வாயை மூடிக்கிட்டு இரு. சுவிட்சை நகர்த்தின டிராயிங் உன் பேர்லதான் இருக்கு. உன் பாஸ்வேர்டுல போட்டுதான் செஞ்சேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அன்றைக்குத் தற்செயலாக அப்படிச் செய்தானா, யோசித்துத்தான் செய்தானா? கேட்கத் தேவையிருக்கவில்லை. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"மெதுவா..."

இந்த முறை இரண்டு பேருக்கும் கேட்டது.

மெயினை அணைத்து ஃப்யூஸையும் கழற்றி அவன் தரையில்தான் வைத்திருந்தான். இருந்தும் அவன் தலைக்கு மேல் தட்டு இறங்க ஆரம்பித்தது. மோட்டார் சத்தம் இல்லை. இரும்பு இரும்பில் வழுக்கும் முனகல் மட்டும்.

"இன்னும் கொஞ்சம்..."

அவன் வெளியே வரப் பார்த்தான். தோள் கதவில் மாட்டிக்கொண்டது. அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். ஒரு கணம், ஒரே கணம், அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு பாய்ந்து, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். தட்டு அடிவரை இறங்கி, அவன் விட்டுவந்த ஸ்பேனரை நசுக்கிய பிறகுதான் நின்றது.

எண்ணெய் கசிந்திருக்கும், அதான் இறங்கிடுச்சு என்றான் அவன். அவள் தயங்கி நின்ற அந்தக் கணத்தை அவனும் பார்த்திருந்தான்.

மறுநாள் அதிகாரிகள் முன்னால் குரல் தழுதழுக்க அவன் சொன்னான், டிசைன் என் மனைவியுடையது, வீட்டுக்காரி என்பதால் நானும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன் என்று. அவள் அழவில்லை. மாடலைத் திறந்து கதவை இழுத்துக் காட்டினாள். மெதுவண்ணன் சொன்னது, கணவன் சொன்னது, தான் சொன்னது, எதையும் மறைக்காமல் சொன்னாள். இரண்டு பேருக்குமே வேலை போயிற்று. மெதுவண்ணன் மேல் தப்பில்லை என்று அவர் குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

பெரிய மெஷின்களே வேண்டாம் என்று வீட்டிலிருந்தபடி அலமாரிகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். பலகை, கீல், கைப்பிடி, அவ்வளவுதான். ஆள் பொம்மையே இல்லாத ஒரு சின்ன சாஃப்ட்வேராகத் தேடி எடுத்திருந்தாள். தூக்கம் திரும்பியது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், அவரும் சாந்தியாகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், அக்கா துணி மடித்துக்கொண்டிருக்க, தச்சர் போன் செய்தார். படம் வந்தது, அளவெல்லாம் கச்சிதம், இன்றைக்கே பலகை அறுக்கலாம் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"உள்ள ஒரு ஆள் உக்காந்திருக்கிற மாதிரி போட்டிருக்கீங்களேம்மா, அது எதுக்கு?"

மொட்டைத் தலையா என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லம்மா. பொம்பளை ஆள். பின்னலை முன்னாடி போட்டிருக்கு."

அவள் கை தோளில் கிடந்த பின்னலைப் பற்றியது.

"இன்னொண்ணும் கேக்கணும்மா," என்றார் தச்சர். "தாழ்ப்பாள் வெளிப்பக்கமா போட்டிருக்கு. அப்படியே வெச்சுடவா?"