அடி கிழிந்த குடுவை

எதிர் வீட்டுக்கு லாலோ குடிவந்த அன்று நான் சன்னல் திரைகளைத் துவைக்கக் கழற்றியிருந்தேன். அதனால்தான் எல்லாம் கண்ணில் பட்டது. மற்றபடி அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

கட்டில் இறங்கியது. பெரிய டிவி இறங்கியது. மனைவி நெலிதா இறங்கினாள். இடுப்பில் நான்கு வயதுப் பெண், ரெனாத்தா. கடைசியாக, மடிப்புக் கலையாத பச்சைச் சீருடை ஒன்று தனி மரியாதையோடு இறங்கியது. சரிதான், எல்லைக் காவல். எல்லை வேலியை ஒட்டிய எங்கள் ஊர் பாலோ செக்கோவில் பாதிப் பையன்களுக்கு அதுதான் வேலை. மீதிப் பாதிக்கு அவர்கள் கண்ணில் படாமல் இருப்பது வேலை.

ஒரு தட்டு தமாலே, அதாவது சோளமாவுக் கொழுக்கட்டை, அவித்து எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போனால் வம்பு பேச வந்தவள் என்று நினைத்துவிடுவார்கள்.

லாலோவுக்குத் தன் வேலையைப் பற்றிப் பேச ரொம்பப் பிடிக்கும். இறைச்சி சுட்டுக்கொண்டே, என்னை மரியாதையாக 'தோன்யா' போட்டு அழைத்துப் பேசுவான். சாயங்காலம் பழைய டயர்களைச் சங்கிலியில் கோத்து, வண்டிக்குப் பின்னால் கட்டி, வேலியோரத்து மண்பாதை முழுக்க இழுத்துக்கொண்டு போவானாம். மண் இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும். காலையில் அதன்மேல் காலடி இருந்தால், ராத்திரி யாரோ கடந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஆளைப் பிடிக்க வேண்டியது.

"கம்பளத் துண்டைக் கால்ல கட்டிக்கிட்டு வருவாங்க, தோன்யா செல்சா. தடம் விழாதுன்னு நெனப்பு. எனக்கு அது இன்னும் சுலபம். நொண்டுறானா, சுமை தூக்கியிருக்கானா, எல்லாம் சொல்லிடுவேன்."

"பரவால்லயே. உன் பொண்டாட்டி கோவமா இருக்கறத மட்டும் கண்டுபிடிக்க மாட்டேங்கற" என்றேன். நெலிதா சிரித்தாள்.

அப்போதுதான் அதையும் சொன்னான். சர்ச்சுக்காரர்கள், வேலி கடந்து வருபவர்களுக்காகப் பாலைவனத்து மரங்களில் தண்ணீர்க் குடுவைகளைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். லாலோ கையிலிருந்த இறைச்சிக் கத்தியால் காற்றில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தான்.

"அடியில ஒரு சிலுவை போட்டுடுவேன். அவங்களும் சர்ச்சுக்காரங்கதானே, சந்தோசப்படட்டும்."

"உன் மேலதிகாரிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிடுவாரு. யாரு சொல்லப் போறா? தண்ணி வச்சா எறும்பு வரத்தான செய்யும், தோன்யா?"

"உங்க தாத்தா வேலிக்கடியில ஊர்ந்து வந்தப்போ எந்த எறும்புப் புத்துலடா தண்ணி குடிச்சாரு?"

"அது அந்தக் காலம்" என்று இறைச்சியைத் திருப்பிப் போட்டான். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வருட மழை ஓய்ந்ததும் தொடங்கியது.

ஒரு காலையில் நெலிதாவின் முற்றத்துக் குழாயடியில் தடங்கள். இடது காலில் கம்பளத் துண்டு, மங்கலான வட்டம். வலது கால் வெறுங்கால், ஐந்து விரலும் தெளிவாக. இடது கால் இழுத்து நடந்திருக்கிறது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மண் மட்டும் உலர்ந்து கிடந்தது.

சொட்டு விழுகிறது. மண் நனையவில்லை.

லாலோ என்ன செய்தான் தெரியுமா? தன் வீட்டைச் சுற்றியே டயரை இழுத்தான்! அவசரத்துக்கு இரண்டு டயர், சொந்தப் பிக்கப். கோழிகள் நாலாபக்கமும் பறந்தன. தெருவே நின்று சிரித்தது. நானும்தான்.

மறுநாள் காலையில் யாரும் சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட மண்ணில் ஒரு வரிசைத் தடம் பாலைவனத்திலிருந்து வந்து, அவன் வாசற்படியில் முடிந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

ரெனாத்தா தண்ணீர் கேட்டாள்.

ஒரு குவளை குடித்தாள். இன்னொன்று. பிறகு செம்பைப் பிடுங்கிக் குடித்தாள். வாந்தி எடுத்தாள், மறுபடி கேட்டாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. வயிறு பானை மாதிரி வீங்கியது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். நோய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படிக் குடித்தால் குடித்த தண்ணீரே பிள்ளையைக் கொன்றுவிடும் என்றார்கள். அங்கே கையைக் கட்டி வைத்தார்கள். அவள் அலறிய அலறலைப் பொறுக்காமல் நெலிதா வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள்.

நான் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் கண்ணு இவ்வளவு குடிக்கற?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்:

"நான் குடிக்கல. அந்த அம்மா என் வாயால குடிக்கறாங்க."

நான் அவளை அருகே இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"அவங்களுக்கு இன்னும் தீரல."

நெலிதா லாலோவின் சட்டையைப் பிடித்தாள். "அந்தத் தடம் எங்கேருந்து வருது?"

"எங்க போவுதுன்னு பாக்கறதுதான் எங்க வேலை. எங்கேருந்து வருதுன்னு யாரு பாப்பா?"

"நான் பாக்கறேன்."

லாலோவின் முகத்தில் நிறம் போனது. "போகாத. அங்க ஒண்ணும் இல்ல" என்றான்.

ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போகாதே என்று எவனாவது சொல்வானா?

பிள்ளையை அவனிடம் விட்டுவிட்டு நானும் நெலிதாவும் கிளம்பினோம். பளீரென்ற காலை. பேய் பிடித்த இடம் இருட்டாக இருக்கும் என்று யார் சொன்னது? அங்கே நிழலே இல்லை. தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு வறண்ட ஓடையில் இறங்கினோம். ஒரு பறவை கத்தவில்லை. எங்கள் மூச்சு மட்டும். அப்புறம், கொஞ்ச தூரத்தில், இன்னொரு மூச்சு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தோம். யாரும் இல்லை.

தடம் ஒரு முள்மரத்தடியில் தொடங்கியது.

அவள் குப்புறக் கிடந்தாள். எலும்பும் துணியும் முடியும்தான் மிச்சம். இடது காலில் கம்பளத் துண்டு. வலது காலில் எதுவும் இல்லை. இரண்டு கையாலும் ஒரு குடுவையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதன் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சிலுவை.

அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

நெலிதா அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் பதிந்து காய்ந்து இறுகிய பூட்ஸ் தடம். மரத்தடி வரை வந்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றிருந்தது. திரும்பிப் போயிருந்தது. குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்த பூட்ஸ்.

"வாரம் தவறாம நான்தான் அதுக்குப் பாலிஷ் போடறேன், தோன்யா" என்றாள். "பாத்திருக்கான். பாத்துட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கான்."

கொண்டுபோயிருந்த தண்ணீரை எல்லாம் அந்த எலும்பு வாயில் ஊற்றினாள். ஒரு சொட்டு வழியவில்லை. கடைசிப் பாட்டில் காலியானபோது மண்ணுக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

ஷெரீப்புக்குச் சொல்லிவிட்டு வீடு திரும்பினோம். ரெனாத்தா தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் ஈரம். பக்கத்தில் லாலோ முற்றத்திலிருந்து இழுத்து வந்த ரப்பர் குழாயை வாயில் வைத்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். நிறுத்த முடியவில்லை.

நெலிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டூசான் நகரத்துக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறதாம். செத்தவளின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. புதைத்த இடத்தில் 'பெயர் அறியாதவள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் அதே பெயரை வைப்பார்களோ, பாவிகள்.

அதற்கப்புறம் ஒரு காலையில் லாலோவின் வாசல் திறந்து கிடந்தது. படியிலிருந்து பூட்ஸ் தடம் பாலைவனத்தை நோக்கிப் போயிருந்தது. அதன் பக்கத்திலேயே, கை கோத்துப் போனது போல, ஒரு கம்பளத் தடம், ஒரு வெறுங்கால் தடம். அவனோடு வேலை பார்த்தவர்கள் தடம் பிடித்துப் போனார்கள். முள்மரத்தடி வரை போயிருக்கிறது. அதற்குமேல் எதுவும் இல்லை. ஆளும் இல்லை, எலும்பும் இல்லை.

இப்போது என் வாசலுக்கு வருகிறது. பூட்ஸ் தடம் மட்டும். குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது. ராத்திரியில் குழாயைப் பிராண்டுகிறது.

தாகத்தோடு வருபவனுக்குத் தண்ணீர் வைக்காவிட்டால் பாவம். அதனால் தினமும் சாயங்காலம் குடுவை நிறையத் தண்ணீர் வைக்கிறேன். வைக்கும் முன் அடியில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போடுகிறேன். நான் என்ன புனிதையா?

காலையில் பார்த்தால் குடுவையைச் சுற்றி மண் நக்கப்பட்டிருக்கும். நாக்குத் தடம்கூடத் தெரியும்.

இந்த வருடம் வெயில் கொஞ்சம் அதிகம். இதை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த குடம் காலியாகிவிட்டது. உதடும் வெடிக்கிறது.

வெயில்தான். வேறென்ன இருக்கப் போகிறது?