ஒரு மேஜைக்கு இரண்டு பேர்

நோய் பரவிய அந்த வருடத்தில் யாருடைய முகமும் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. கண்கள் மட்டும்தான். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் கண் பரிசோதிக்கிற அவள், கண்களில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்... அந்த மழை மாலை வரைக்கும்.

கடை முடிந்து வந்தவளை மழை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டது. ஓடி ஒதுங்கிய இடம் ஒரு பப்பின் முற்றம். உள்ளே யாரையும் விடுவதில்லை. வெளியே துணிக்கூரைக்குக் கீழே, மேஜைக்கு இரண்டு பேர், அதுவும் சாப்பிட ஏதாவது வாங்கினால்தான். அவள் சொட்டச் சொட்ட விழித்துக்கொண்டு நிற்க, பப் நடத்தும் அம்மாள் தட்டோடு வந்து, "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நேரமா காத்துட்டிருக்கார், போய் உட்காருங்க" என்றாள்.

ஓர மேஜையில் பஸ் டிரைவர் சட்டையில் ஒருவன் திருதிருவென்று விழித்தான். வருவதாகச் சொன்ன நண்பன் வரவில்லை. தனி ஆள் என்று தெரிந்தால் எழுப்பிவிடுவார்களே என்று, மனைவி கிளம்பி வந்துகொண்டே இருக்கிறாள் என்று அளந்துவிட்டிருக்கிறான்.

"மன்னிச்சுக்கங்க... மழை விடுற வரைக்கும் வீட்டுக்காரியா இருந்தீங்கன்னா, ஒரு சூப் வாங்கித் தரேன்."

"சூடா இருந்தா யோசிக்கிறேன்."

சொன்ன பிறகுதான், பேசியது நாமா என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகக்கவசத்துக்கு மேலே அவன் கண்கள் சிரித்தன. ஓரங்களில் மெல்லிய சுருக்கம்... மழையில் நனைந்த விளக்குபோல ஒரு பளபளப்பு. எத்தனையோ கண்களை லென்ஸ் வைத்துப் பார்த்தவள், இந்த இரண்டை நேராகப் பார்க்க முடியாமல் சூப்பைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் அவர்களுடையவை ஆயின. அடுத்த வீட்டுக்குப் போகக்கூடத் தடை இருந்த காலம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச பப் முற்றங்கள்தான் மிச்சம். பஸ் ஓட்டும்போது பார்த்து வைத்த பப்களுக்கு ஒவ்வொன்றாக அவளை அழைத்துப் போனான். கால்வாய்க் கரையில் வாத்துகள் மேஜைக்கடியில் வந்து காலைக் கொத்தும் ஒன்று. ரயில் போனால் கிளாஸ்கள் கிணுகிணுக்கும் ஒன்று. அவளுக்குப் பிடித்தது, சுவரெல்லாம் கொடி படர்ந்த மூன்றாவது பப். அவனுக்கு எப்போதும் அரை கிளாஸ் பீர். பேச்சு சுவாரசியத்தில் அதிலும் பாதி மிஞ்சும். அவளுக்கு எலுமிச்சை சோடா.

"கண்ணாடி மேடம், இந்த பப்புக்கு எத்தனை மார்க்?"

"டிரைவர் சார் கொஞ்சம் வாய மூடினா கூடப் போடலாம்."

வீட்டில் மட்டும் கடையில் கூடுதல் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். பொய் சொல்லும்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சிறுமியாக இருந்தபோது பப் வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டு வந்தவள் அவள். குடித்தே அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வீட்டில் பப் என்ற வார்த்தையைக்கூட யாரும் உச்சரித்ததில்லை.

கொடி படர்ந்த பப்புக்கு மறுபடி போன அன்று, வேலையிடத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் வாங்க வந்து நின்றான் அவளுடைய அண்ணன். பார்வை தங்கை மேல் விழுந்தது... அப்புறம் அந்த அரை கிளாஸ் மேல்.

"யாரு இவன்?"

அவள் சோடாவைத் தள்ளி வைத்தாள். "தெரியாதுண்ணா. வேற இடம் இல்லன்னு உட்காரச் சொன்னாங்க. குடிகாரங்களோட உட்காரணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

டிரைவர் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, "ஆமாங்க, எனக்கும் இவங்களத் தெரியாது. நீங்க உட்காருங்க" என்று அண்ணனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நடந்தான். அவள் பொய்யையும் அவனே சுமந்துகொண்டு போனான். அதுதான் அவளைக் கொன்றது.

அடுத்த வாரமே கட்டுப்பாடுகள் இறுகி, பப்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. போனில் 'மன்னிச்சிடுங்க' என்று அடித்து அடித்து அழித்தாள். அவனிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. கடையில் யாருடைய கண்ணைப் பார்த்தாலும் அந்த ஒரு கணப் பார்வை வந்து நின்றது. சே... என்ன மனுஷி நான்?

ஒரு காலை, அம்மா துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். குடித்தால் அவன் எப்படி இருப்பான் என்று மட்டும் கேட்டாள். அரை கிளாஸைக்கூட முடிக்க மாட்டான் என்றாள் இவள். அம்மா அதை நம்பினாளா என்று தெரியவில்லை.

"அவன நெனச்சு வெட்கப்பட்டியா, எங்கள நெனச்சா?"

அவளுக்கு அழுகைதான் வந்தது.

"உங்கப்பா பண்ணினதுக்கு இன்னொருத்தன் தலைகுனியணுமா? போய்ச் சொல்லு. பிடிச்சா கூட்டிட்டு வா, பார்க்கிறேன். எனக்குக் கோவம் போகல, அதையும் சொல்லிடு."

அன்று மதியமே பஸ் டிப்போவுக்குப் போனாள். சுவரோரம் டிரைவர்கள் இடைவெளி விட்டு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்ற அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசத்தான் வந்தாள். பக்கத்தில் போனதும் மனசு மாறியது. அண்ணன் முன்னால் சொன்ன பொய்க்கு மறைவில் மன்னிப்புக் கேட்பதா?

"இவர எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள் அத்தனை பேர் முன்னாலும். "தெரியாதுன்னு சொன்னேன். குடிகாரன்னு சொன்னேன். ரெண்டும் பொய்."

டீக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. அவன் காது சிவந்தது. பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னான்:

"அன்னிக்கு நானும் தெரியாதுன்னுதானே சொன்னேன்? பெருந்தன்மைன்னு நெனச்சீங்களா... ரோஷம். அந்த வெட்கத்துலதான் போன் பண்ணல."

"அம்மா உங்களப் பார்க்கணுமாம். கோவமாத்தான் இருக்காங்க."

"நீங்க?"

முகம் தீயாக எரிந்தது. ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் இந்த முறை அவள் அந்தக் கண்களை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"எனக்கு உங்களத்தான் பிடிச்சிருக்கு... யார் கேட்டாலும் சொல்வேன்."