இடப்பக்கம் பார்த்த சிட்டு

வக்கீல் அலுவலகத்துக்குள் நுழைந்த சோப்புக்காரியின் முகம் பேயறைந்தது போலிருந்தது. இரண்டு வருடம் வீட்டில் பெயரில்லாமல் சோப்பு காய்ச்சி விற்றவள் இப்போது கம்பெனி தொடங்குகிறாள். ‘சிட்டு’ என்ற பெயருக்கும் குருவிப் படத்துக்கும் டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பிக்கப் போனால், அதே பெயரையும் படத்தையும் ஒன்பது நாள் முன்பே அவளுக்குத் தெரியாத ஒருவர் தன் பெயரில் பதிவுக்குக் கொடுத்திருந்தார்.

“யார் பேர்ல இருந்தா என்ன சார், குடுக்க வெச்சது என் தம்பிதான். கம்பெனியில பங்கு கேட்டான். பாக்கலாம்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்.” கண் கலங்கியது. பெயர் போனதைவிடக் கூடப்பிறந்தவன் குழி பறித்துவிட்டானே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வக்கீல் அவளுடைய சோப்புப் பெட்டியையும் அந்த விண்ணப்பத்தின் நகலையும் மேஜையில் வைத்தார். குமாஸ்தா கழுத்தை நீட்டினார். ஐம்பது வயதிலும் அவருக்குத் துப்பறியும் ஆசை விட்டபாடில்லை.

“பெட்டியில குருவி வலப்பக்கம் பாக்குது, இதுல இடப்பக்கம். மாட்டிக்கக் கூடாதுன்னு மாத்தியிருக்கான் சார்.”

“அதுக்கு முதல்ல பேரை மாத்தியிருப்பானே,” என்றார் வக்கீல். “இது இன்னும் வெளிய வரலியேம்மா. யார் யாருக்குத் தெரியும்?”

“படம் வரைஞ்சு, சோப்பு மேல பதிக்கிற அச்சையும் செதுக்கின ஓவியருக்கு. பெட்டி மடிச்ச தம்பிக்கு. அப்புறம் அச்சுக்கு மெருகு போடறவர் ஒருத்தர். அவர்கிட்ட அச்சை மட்டும்தான் குடுத்தேன்.”

வக்கீல் சொல்லி அனுப்ப, மறுநாள் மூவரும் வந்தார்கள். தம்பி அக்காவைப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நினைவிலிருந்து குருவியை வரையச் சொன்னார் வக்கீல். ஓவியருடையது வலப்பக்கம் பார்த்தது. தம்பியுடையது கோழி மாதிரி இருந்தாலும் வலப்பக்கமே பார்த்தது. மெருகுக்காரர் வரைந்தது மட்டும் இடப்பக்கம்.

“சோப்புல நேரா விழணும்னா அச்சுல எல்லாம் இடம் வலமா மாறியிருக்கணும்,” என்றார் வக்கீல். “எழுத்து மாறியிருந்தா உடனே தெரியும், திருப்பி எழுதிடலாம். குருவி எந்தப் பக்கம் பாத்தாலும் குருவிதானே? மத்த ரெண்டு பேரும் மூலப்படத்தைப் பாத்தவங்க. அச்சை மட்டும் பாத்தவர்தான் இப்படித் திருப்பாம விட்டிருக்க முடியும்.”

மெருகுக்காரர் தலை கவிழ்ந்தது. “அதுல இருக்கறது என் மாப்பிள்ளை பேரு. அவர் சோப்பு வியாபாரம் தொடங்கறாரு. நல்ல பேரா இருக்கேன்னு நான்தான் வரைஞ்சு குடுத்தேன். தப்புதாம்மா. வாபஸ் வாங்க வெச்சுடறேன்.” அதற்குள் குமாஸ்தா வாபஸ் கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார்.

தம்பி எழுந்து வந்தான். “என்னைத்தானே சந்தேகப்பட்டே?”

“ஆமாண்டா,” என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. “தப்பு பண்ணிட்டேன்.”

அவள் தன் விண்ணப்பத்தை எடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் எழுதினாள். பேனாவை அவனிடம் நீட்டினாள்.

“இனிமே பாக்கலாம்னு சொல்ல மாட்டியே?” என்று கேட்டுக்கொண்டே அவன் கையெழுத்துப் போட்டான்.