சர்வேயரின் இரண்டு நோட்டுகள்

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வந்த சர்வேயர் ஒரு காகிதத்தோடு வந்தார். கணினியில் அச்செடுத்து நான்காக மடித்த காகிதம். அதை மேசைமேல் விரித்து, மடிப்புகளை நீவிவிட்டு, "இது என்ன பாஷைன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

ஊர் ஊராக நிலம் அளந்தே பாதி வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருடம். காலையிலிருந்து அவர் யாரோடும் பேசியிருக்கவில்லை. முதல் வார்த்தை தொண்டையில் கரகரத்துத்தான் வெளியே வந்தது.

கடைக்காரியை அந்தத் தெருவே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். மூச்சு நின்ற கணினியைக்கூட எழுப்பி உட்காரவைத்துவிடுவாள் என்று பெயர். கூடவே வேலை பார்ப்பவள் அவளுடைய நாத்தனார். கைக்குச் சமமாக வாயும் வேலை செய்யும்.

நாத்தனார் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "ஐயோ அண்ணி, ரகசியக் குறியீடு! சினிமால வர்ற மாதிரியே இருக்கு!"

"நீ முதல்ல மூச்சு விடு," என்றாள் டாக்டரம்மா. "சார், இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

சர்வேயர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருடைய மகள் இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை எழுதிப் போடுவாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் படிப்பார். அவர் படிப்பது அவளுக்குத் தெரியாது.

"ஃபோன்ல பேசிக்கலாமே சார்?" என்றாள் நாத்தனார்.

"பேச்சு இல்லை. எட்டு மாசமாச்சு."

தன்னோடு வந்து இருக்கும்படி மகள்தான் அழைத்திருந்தாள். 'உன் வீட்டு மூலையில பழைய நாற்காலி மாதிரி கிடக்கச் சொல்றியா' என்று இவர் கேட்டுவிட்டார். 'சரிப்பா, இனிமே கூப்பிடலை' என்றாள். அவளும் அழுத்தக்காரி. அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

"அஞ்சு வாரமா பக்கம் இப்படித்தான் வருது. நான் எட்டிப் பார்க்கிறது தெரிஞ்சுபோய்ப் பூட்டிட்டா போல. பூட்டினது அவதானான்னு மட்டும் சொல்லுங்க. அவதான்னா, இனி அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

டாக்டரம்மா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "தேதியெல்லாம் நல்லாத் தெரியுதே. பூட்டுறவங்க தேதியை மட்டும் ஏன் வெளியில விடணும்? பக்கத்தோட முகவரி என்ன சார்?"

"முகவரியா? மேல ஒரு நட்சத்திரம் இருக்கும். அதை அமுக்கினா வரும்."

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைச் சாவியை எடுத்தாள்.

இரண்டு தெரு தள்ளி வீடு. கூடத்தில் தூசி இல்லை, சத்தமும் இல்லை. பாத்திரத் தட்டில் ஒரே ஒரு தட்டும் ஒரே ஒரு டம்ளரும் கவிழ்ந்திருந்தன. ஜன்னலோரம் பழைய கணினி. வாங்கிய நாளிலிருந்து யாரும் புதுப்பிக்காத உலாவி. மேலே அலமாரியில், முதுகில் தலைப்பு எழுதி ஒட்டிய நோட்டுகள் வரிசையாக நின்றன.

"மாடியில யார் சார்?" நாத்தனார் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"குடியிருக்கிறவர். என்னோட இணைப்பைத்தான் அவரும் பயன்படுத்துறார்."

"அண்ணி! அகப்பட்டுட்டான்!"

"அவர் வாடகைக்கு இருக்கார். நீ அவரை ஜெயில்ல போடாதே," என்றாள் டாக்டரம்மா.

சர்வேயர் நட்சத்திரத்தை அமுக்கினார். மகளின் பக்கம் வந்தது. குப்பை குப்பையாக எழுத்து. டாக்டரம்மா அதே உலாவியில் இரண்டு தமிழ்ச் செய்தித்தாள்களின் பக்கங்களைத் திறந்தாள். தமிழ் பளிச்சென்று வந்தது.

"அப்போ கணினியில ஒண்ணுமில்லை," நாத்தனார் படபடத்தாள். "ஊர்ப்பட்ட தமிழ் எல்லாம் வருது, இது மட்டும் வரலைன்னா, பொண்ணேதான்..."

பாதியில் நிறுத்தினாள். சர்வேயர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இதைக் கேட்கத்தானே போனாய்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இனி ஞாயிற்றுக்கிழமையும் மற்றக் கிழமைகளைப் போலத்தான்.

"இதுல வேற என்ன தமிழ் படிப்பீங்க சார்?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"என் மனைவி எழுதின கடிதங்கள். நான் வெளியூர்ல அளந்துட்டிருந்த காலத்துல மின்னஞ்சல் அனுப்புவா. எல்லாத்தையும் ஒரு குறுந்தகட்டுல போட்டு வெச்சிருந்தா, போன மாசம்தான் கையில கிடைச்சது. அது இப்போ நல்லாவே வருது."

"இப்போன்னா? முன்னால வரலையா?"

"முதல்ல கட்டம் கட்டமா வந்தது. நான்தான் சரிபண்ணினேன்." குரலில் கொஞ்சம் பெருமை. "நோட்டுல குறிச்சிருக்கேன்."

"பொண்ணு பக்கத்தைப் பத்தியும் குறிச்சிருக்கீங்களா?"

"அது வேற நோட்டு. ஒரு நிலத்துக்கு ஒரு நோட்டும்மா. ஒண்ணோட அளவு இன்னொண்ணுல ஏறினா எல்லையே கெட்டுப்போகும். முப்பது வருஷப் பழக்கம்."

"ரெண்டையும் எடுங்க."

டாக்டரம்மா இரண்டு நோட்டுகளையும் திறந்து அருகருகே வைத்தாள். சர்வேயர் இதுவரை அப்படி வைத்ததே இல்லை.

மனைவியின் நோட்டில்: 'ஏழாம் தேதி, சனி, மாலை 4.10. எழுத்து வரவில்லை. குறுந்தகட்டின் உறையில் அவள் எழுதி வைத்தபடி உலாவியின் எழுத்து அமைப்பை மாற்றினேன். வந்தது.'

மகளின் நோட்டில்: 'எட்டாம் தேதி, ஞாயிறு, காலை 6.00. எழுத்து வரவில்லை.'

நாத்தனார் இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கணினிக்குள்ள எழுத்தே கிடையாது சார், எண்தான் இருக்கு," என்றாள் டாக்டரம்மா. "எந்த எண் எந்த எழுத்துன்னு ஒரு அட்டவணை வேணும். அம்மா எழுதின காலத்துல ஒரு அட்டவணை, இன்னைக்கு ஒண்ணு. 'நான் இந்த அட்டவணையில எழுதினது'ன்னு செய்தித்தாள்காரங்க பக்கத்துக்குள்ள மறைவா ஒரு வரியில சொல்லிடுவாங்க. இது உங்க பொண்ணு சொந்தமா கட்டின பக்கம், அந்த ஒரு வரியைப் போட மறந்துட்டா. சொல்லாத பக்கத்துக்கு, நீங்க அமைப்புல வெச்ச அட்டவணைதான். ஏழாம் தேதி நீங்க பழசை வெச்சீங்க."

"ஆனா கட்டமா வராம இப்படிக் குப்பையா வருதே?"

"புது அட்டவணையில ஒரு தமிழெழுத்துக்கு மூணு எண். பழசு அதை மூணு தனி எழுத்தாப் படிக்குது. தலையில கோடு போட்ட இந்த ஆங்கில 'ஏ'வைப் பாருங்க, வரிக்கு வரி திரும்பத் திரும்ப வருது. கடையிலயே அதுதான் கண்ணுல பட்டது. தேதியில இருக்கிற எண்கள் ரெண்டு அட்டவணைக்கும் பொது. அதான் அது கெடலை."

"ஒரு ஊர் வரைபடத்தை வெச்சுக்கிட்டு இன்னொரு ஊர்ல நிலம் தேடியிருக்கேன்," என்றார் சர்வேயர் மெல்ல.

"யாரும் பூட்டலை சார். மாத்திடட்டுமா?"

அவர் கை சட்டென்று சுட்டியின் மேல் விழுந்தது. "மாத்தினா அவ கடிதம் போயிடுமா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு, 'வேளைக்குச் சாப்பிடுங்க' என்று மனைவி அந்தக் கடிதங்களிலிருந்து அவரை அதட்டியது இந்த ஐந்து வாரமாகத்தான். டாக்டரம்மா அந்தக் கையை விலக்கவில்லை.

"போகாது. அதைப் புது அட்டவணைக்கு மாத்தித் தர்றேன். ரெண்டும் இருக்கும்."

கை மெதுவாக விலகியது. இரண்டு சொடுக்கு. பக்கம் ஒருமுறை மறைந்து வந்தது. தமிழ்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அன்று காலை எழுதியது.

'அப்பா, இந்தப் பக்கத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று எனக்குக் காட்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நம்ம ஊரிலிருந்து ஒருத்தர் வருவார், அரை மணி நேரம் இருப்பார். அது நீங்கதான் என்று முதல் வாரமே தெரியும். உங்களுக்காகத்தான் எழுதினேன். அஞ்சு வாரமாக ரெண்டே நிமிஷத்தில் போயிடுறீங்க. அலுத்துவிட்டது போல. தொந்தரவு பண்ணவில்லை. நாளையோடு மூடிவிடுகிறேன்.'

சர்வேயர் இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து தொலைபேசியிடம் போனார். எண்ணை அவர் எந்த நோட்டிலும் பார்க்கவில்லை.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள். டாக்டரம்மாவும் பின்னாலேயே வந்து கதவை ஒருக்களித்தாள்.

மணி வெகுநேரம் அடித்தது. பிறகு மகள் எடுத்தாள்.

"எழுத்து தெரியலைம்மா," என்றார் சர்வேயர். "அலுக்கலை. எழுத்துதான் தெரியலை. மூடிடாதே, அஞ்சு வாரத்தையும் நான் இனிமேதான் படிக்கணும்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"படிக்க வேணாம்ப்பா," என்றாள் மகள். "நானே சொல்றேன், கேளுங்க."