டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

நார்த்தாமலை முத்துமாரியம்மன் மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்தைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்து வேண்டுமானால் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பார்களே என்ற இரக்கம்தான் காரணம்.

அன்னவாசலில் நாகராசு வீட்டில், ஆயுத பூஜைக்கு மறுநாள் மத்தியானம் ஒரு வாடை அடித்தது. பூஜைப் பொரி நமுத்துப்போய் நாறுகிறது என்று நினைத்து முகர்ந்து பார்த்தார், மொறுமொறுவென்றுதான் இருந்தது. எலி செத்திருக்கும் என்று பீரோவை நகர்த்தினார், கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினார், பரணில் கிடந்த அண்டாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு எலிப்புழுக்கைகூட இல்லை. வெயிலில் கிடந்த ஆட்டுக்குடலைத் தலையணைக்குள் திணித்துத் தைத்த மாதிரி அந்த வாடை மட்டும், கம்ப்யூட்டர் மேசைப் பக்கமிருந்து கொழகொழவென்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவர் மனைவி செவந்தி இருந்தாள். அதாவது, செத்துப்போன செவந்தி பேசிச் சிரிக்கிற ஒரே வீடியோ இருந்தது. மகள் இலக்கியாவின் கல்யாணத்தில் எடுத்தது. டிஸ்க் கொஞ்ச நாளாக உள்ளுக்குள் டக் டக்கென்று பல்லைக் கடிக்க ஆரம்பித்ததிலிருந்து நாகராசுக்குச் சோறு இறங்கவில்லை. அது படுத்துவிட்டால் செவந்தியின் குரல் உலகத்தில் எங்கேயும் இல்லை.

ஷார்ஜாவிலிருந்து இலக்கியா போனில் பாடம் எடுத்தாள்.

"ஒரே எடத்துல வச்சிருந்தா இல்லாததுக்குச் சமம்ப்பா. வெளில ஒரு டிஸ்க்குல வைங்க, நெட்டுலயும் ஒண்ணு ஏத்திருங்க."

"நெட்டுல போட்டா ஒங்காத்தாவ ஊரே பாக்கும்."

"பாக்காதுப்பா. பூட்டித்தான் வச்சிருப்பாங்க."

"அவ உசுரோட இருக்கையிலயே எந்தப் பூட்டுக்கும் அடங்கலயேத்தா."

நகல் எடுத்து வைக்கிற மென்பொருளிலும் பல தினுசு சொன்னாள். டிஸ்க் முழுவதையும் அப்படியே அச்சு எடுத்து வைப்பது ஒன்று. மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போய், பழையதையும் தூக்கி எறியாமல் வைத்திருப்பது ஒன்று. இன்னொன்று கண்ணாடி மாதிரி. இங்கே எது இருக்கிறதோ, அங்கேயும் அதுவே.

"கண்ணாடி மட்டும் வேணாம்ப்பா. இங்க கெட்டா அங்கயும் கெட்டுப்போகும்."

நாகராசுக்குக் கண்ணாடிதான் பிடித்தது. தானாக நடக்கும், நாம் கை வைக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் ஜஸ்டின் கடையில் வெளி டிஸ்க் வாங்கிவந்து, மகளிடம் மூச்சு விடாமல் கண்ணாடியையே போட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை. தெருவில் டிராக்டரிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. கம்ப்யூட்டர் பெட்டி மேல் சந்தனம் பூசுவது சட்டைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி என்று நாகராசுக்குப் பட்டது. மூடியைக் கழற்றினார். செவந்தி இருக்கிற இடமல்லவா என்று, உள்ளே இருந்த டிஸ்க்கின் நடுநெற்றியில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமமும் வைத்தார்.

மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு இப்போது, தேடி ஓய்ந்த சாயங்காலத்தில், ஜஸ்டினுக்குப் போன் போட்டார்.

"சந்தனத்த எங்க வச்சீங்க ஐயா?"

"நெத்தியில."

"அடக் கடவுளே. அங்க சின்னதா ஒரு ஓட்டை இருக்குமே. மூடாதீங்கன்னு பக்கத்துலயே எழுதியிருப்பானே. அது வழியாத்தாங்க டிஸ்க்கு மூச்சு விடும்."

"மூச்சு விடுமா?"

"நம்மள மாதிரித்தாங்க. மொதல்ல சொரண்டி எடுங்க."

வெளியே ஐப்பசி மழை தூற ஆரம்பித்திருந்தது. அந்தி மசமசப்பில் நாகராசு பெட்டிக்குள் கையை விட்டார். காய்ந்திருக்க வேண்டிய சந்தனம் ஈரமாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, நகத்தால் ஓரத்தைக் கிளப்பியதும் புண்ணிலிருந்து பொருக்கு பிய்கிற மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது; அடியில் மஞ்சளாக ஏதோ தளும்பி, வழிந்து, அவர் விரலிடுக்கில் இறங்கியது. ஓட்டையிலிருந்து ஒரு காற்று வந்தது. நாள்பட்ட நோயாளி வாயைத் திறந்த மாதிரி ஒரு காற்று.

டக் டக் நின்றுவிட்டது.

போகட்டும், புதுசில் பத்திரமாக இருப்பாள். வெளி டிஸ்க்கைத் தொட்டார். அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. நாயின் காதில் ரத்தம் குடித்த உண்ணியைப் போல, பிளாஸ்டிக் ஓடு லேசாக உப்பியிருந்தது. அதே வாடை. கண்ணாடி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

வெளி டிஸ்க்கிலிருந்த வீடியோவைத் திறந்தார்.

செவந்தி வந்தாள். கொண்டை நிறையக் கனகாம்பரத்தோடு, அதே பட்டுச்சேலையில், அதே சிரிப்போடு வந்தாள். "கேமராவ அங்கிட்டுத் திருப்புங்க. கல்யாணப் பொண்ணு நானா, அவளா?"

நாகராசு அழுதுவிட்டார். குரல் அப்படியே இருந்தது. ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் வெளி டிஸ்க்கில் வயர் சொருகுகிற இடத்தில் ஒரு முடியைப் பார்த்தார். நரைத்த முடி. ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. சோற்றில் கிடந்த முடியை எடுக்கிற அருவருப்போடு, இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்.

வந்தது. இன்னும் வந்தது. முழ நீளத்துக்கு வந்தது. ஒன்றோடு ஒன்று பின்னி, கொத்தாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. உதறினார். விரலில் சுற்றிக்கொண்டது. மறுகையால் பிய்த்தார். அந்தக் கையிலும் சுற்றியது.

திரையில் செவந்தியின் கொண்டை லேசாக அவிழ்ந்தது.

இழுப்பதை நிறுத்தினார். அவிழ்வதும் நின்றது.

விரல் தன்னால் அசைந்தது. அவள் தலை வெடுக்கென்று அவர் பக்கம் ஆடியது.

"கேமராவ அங்கிட்டுத் திருப்புங்க."

நாற்காலியோடு பின்வாங்கினார். முடியும் கூடவே வந்தது. பிறகு ஏதோ தடித்தது. துவாரத்தில் சிக்கியது. பிதுங்கியது. சளக்கென்று அவர் மடியில் விழுந்தது.

தோல். ஈரத் தோல். வாடாத ஒரு கனகாம்பரம் அதில் ஒட்டியிருந்தது.

திரையில் தலையின் மேல்பாதி மஞ்சளாக, சந்தனம் போலக் குழைந்து, வழிந்து புருவத்தைத் தொட்டது. அதன் அடியில் செவந்தி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

நான் குறைத்துச் சொன்னது ஒன்று உண்டு, அன்னவாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பெண்டாட்டி, மகள் என்று யாருமில்லை, நாகராசு கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர்.